பெயரைக் கடைசியில் படியுங்கள்: மலையில் கிடைக்கும் பழைய மடக்குக் கத்தியை அடையாளம் காண

பழைய மடக்குக் கத்தி தேடுகிறவர்களுக்கு நீலகிரி நல்ல இடம். தேயிலைத் தோட்டத் துரைமாரின் சட்டைப்பையில் வந்தவை, வெலிங்டன் ராணுவ முகாம் வழியாக வந்தவை, பூங்கா வேலைக்கும் நர்சரி வேலைக்கும் வாங்கியவை என்று பல வழிகளில் இந்த மலைக்குக் கத்திகள் வந்து சேர்ந்திருக்கின்றன. பங்களா கைமாறும்போது மேசை டிராயரோடு சேர்ந்து போனவையும் உண்டு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பழைய சாமான் கடைகளில் பூட்டுச் சாவிகளுக்கும் முள்கரண்டிகளுக்கும் நடுவே இன்றும் ஒன்றிரண்டு கண்ணில் படும்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் கத்தியைத் திறந்ததும் பெயரைத் தேடுகிறார்கள். பேர்போன இங்கிலாந்துக் கம்பெனியான ‘ரோட்ஜர்ஸ்’ என்று தெரிந்தால் உடனே பணத்தை எடுக்கிறார்கள், ஒன்றும் தெரியாவிட்டால் கீழே வைத்துவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம். பெயரைப் போலியாகப் பொறிக்கலாம். அது தேய்ந்து பாதி மறைந்திருக்கலாம். செய்தவர் பெயராக இல்லாமல் விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம். அலகின் வடிவம், மூட்டின் வேலைப்பாடு, கைப்பிடிப் பொருள் இவற்றை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. அதனால் இவற்றை முதலில் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, பெயரைக் கடைசியில் சாட்சியாகக் கூப்பிடுங்கள். இந்த வரிசையில்தான் கீழே சொல்லப் போகிறேன்.

நான் பேசுவது ஸ்பிரிங் வைத்து மடங்கும் சட்டைப்பைக் கத்தியைப் பற்றி மட்டும். தேயிலையில் கவாத்து வெட்டும் கத்தி பெரியது, மடங்காது, அது வேறு கதை. இந்த மலைக்கென்று கொல்லர்கள் இருக்கிறார்கள். கோத்தர்கள் படகருக்கும் தோதவருக்கும் அரிவாள், கோடரி, கத்தி எல்லாம் அடித்துக் கொடுத்தவர்கள். அவர்கள் கைவேலைக்குத் தனிக் கட்டுரையே எழுத வேண்டும். ஸ்பிரிங் வைத்த மடக்குக் கத்தியோ பெரும்பாலும் கடல் தாண்டி வந்த பொருள்.

மூடியபடியே ஒரு பார்வை

கத்தி கைக்கு வந்ததும் திறக்காதீர்கள். மூடிய நிலையிலேயே நிறையத் தெரியும்.

முதலில் முதுகுப் பக்கம் பாருங்கள். இரண்டு உள்தகடுகளுக்கு நடுவே ஓடுகிற எஃகுப் பட்டைதான் ஸ்பிரிங். நல்ல வேலை என்றால் ஸ்பிரிங்கும் தகடுகளும் ஒரே மட்டத்தில் இருக்கும், விரலை ஓட்டினால் படி தட்டாது. கத்தியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் இடையில் வெளிச்சம் கசிந்தால் ஒன்று மட்டமான வேலை, இல்லையென்றால் உள்ளே துரு புகுந்து தகட்டை நெம்பியிருக்கிறது. நம் மலையில் இரண்டு மழைக்காலமும் மாறி மாறி வருவதால் இரண்டாவது காரணம்தான் அதிகம்.

அடுத்து, அலகின் நுனி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். இது மிக முக்கியம். தொழிற்சாலையில் செய்தபோது அலகின் நீளமும் அது மடங்கி உட்காரும் பள்ளத்தின் நீளமும் பொருந்தும்படிதான் செய்திருப்பார்கள். நுனி பள்ளத்தின் மறுகோடிக்கு ஓரளவு பக்கத்தில் வந்து முடிய வேண்டும். நடுவிலேயே முடிந்து, பள்ளத்தில் விரல் நகம் நுழையும் அளவுக்குக் காலி இடம் இருந்தால் நுனி எப்போதோ உடைந்து, யாரோ தேய்த்துப் புது நுனி உண்டாக்கியிருக்கிறார்கள். வடிவத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் முன் இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எல்லாமே தப்பாகப் போகும்.

சரி, இப்போது திறக்கலாம். அலகின் முதுகை ஒட்டிச் சின்ன பிறை மாதிரி வெட்டியிருப்பது நகக்குழி. அதில் நகத்தை வைத்து மெதுவாக இழுங்கள். வரவில்லை என்றால் குறடு போட்டு இழுக்க வேண்டாம், நகக்குழி உடைந்தால் கத்தியின் மதிப்பே போய்விடும். மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். ஊட்டிக் குளிரில் அது உறைந்து மூட்டுக்குள் மெழுகாகப் பிடித்துக்கொள்ளும், நாளானால் சிக்கும் பிடிக்கும். கடைக்குப் போகும்போது சின்ன எண்ணெய்ப் புட்டி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், கடைக்காரர் சம்மதித்தால் அங்கேயே விட்டுப் பார்க்கலாம்.

திறக்கும்போது சத்தத்தைக் கவனியுங்கள். நல்ல ஸ்பிரிங் கடைசியில் ‘டக்’ என்று அலகைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். சில கத்திகள் பாதி வழியில், அலகு செங்குத்தாக நிற்கும்போது, ஒரு முறை நின்று அப்புறம் திறக்கும். அலகு மூட்டோடு சேரும் கழுத்தைச் சதுரமாக வெட்டியிருப்பதால் அப்படி நிற்கிறது, கோளாறு இல்லை. முழுக்கத் திறந்ததும் அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை; கலகலத்தால் ஆணி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அலகின் வடிவம்

பேசுவதற்கு வசதியாகச் சில பெயர்கள் வைத்துக்கொள்வோம். வெட்டுகிற பக்கம் வாய், எதிர்ப்பக்கம் முதுகு. மூட்டை ஒட்டி, கூர் தீட்டாமல் சதுரமாக விட்டிருக்கும் துண்டு கழுத்து. பெயர் பொறிப்பது பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான்.

வடிவத்தைப் பிரித்தறிய ஒரே கேள்வியிலிருந்து தொடங்குங்கள்: வாய் நேராக இருக்கிறதா, நுனியில் மேலே வளைகிறதா, உள்பக்கமாகக் குழிந்திருக்கிறதா?

வாய் நுனியில் மேலே வளைந்து, முதுகும் அதே அளவு கீழே இறங்கி, இரண்டும் நடுவில் சந்தித்தால் அது ஸ்பியர், வேல் முனை. கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டின் பழைய மடக்குக் கத்திகளில் பெரிய அலகு பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். இதே வடிவம் சின்னதாக, ஒல்லியாக, இரண்டாவது அலகாக வந்தால் பென் அலகு. இறகுப் பேனா சீவுகிற வேலைக்கு வந்தது. நாம் பேனாக்கத்தி என்று சொல்வது இதை வைத்துத்தான்.

வாய் மேலே வளைந்து, முதுகு மட்டும் நுனிக்கு முன்னால் ஓரிடத்தில் வெட்டி எடுத்தது போல இறங்கினால் கிளிப். அந்த வெட்டு நேராகவும் இருக்கலாம், குழிவாகவும் இருக்கலாம். அமெரிக்கக் கத்திகளில் இது மிக அதிகம். அங்கே ஸ்டாக்மேன் என்கிற மூன்றலகுக் கத்தியில் கிளிப், ஷீப்ஸ்ஃபுட், ஸ்பே மூன்றும் சேர்ந்து வரும். ஸ்பே என்பது வாய் நேராகப் போய்க் கடைசியில் திடீரென்று மேலே திரும்பும், நுனி மொட்டையாக இருக்கும். கால்நடைக்குக் காயடிக்கிற வேலைக்கான அலகு அது, நுனி குத்திவிடக் கூடாது என்றே அப்படி வைத்தார்கள்.

வாய் நேராக இருந்தால் மூன்றில் ஒன்று. புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். மூன்றிலும் வாய் அளவுகோல் வைத்தது போல் நேராக இருக்கும், முதுகைத்தான் கவனிக்க வேண்டும். முதுகு கடைசி வரை வாய்க்கு இணையாக வந்து, நுனிக்குப் பக்கத்தில் சட்டென்று வட்டமாக இறங்கினால் ஷீப்ஸ்ஃபுட். முதுகு கழுத்திலிருந்தே லேசாகச் சாய்ந்து, அலகு போகப் போக ஒடுங்கி, கடைசியில் சின்னதாக இறங்கினால் லாம்ப்ஃபுட். இங்கிலாந்துக்காரர்களுக்கு மிகவும் பிடித்த வடிவம், அதனால் ஷெஃபீல்டு கத்தி என்பதற்கு ஒரு குறிப்பும்கூட. முதுகு பாதி வழியிலிருந்தே நீளமாகச் சரிந்து ஊசி நுனியில் முடிந்தால் வார்ன்கிளிஃப். வார்ன்கிளிஃப் பிரபுவின் பெயரில் ஜோசப் ரோட்ஜர்ஸ் கம்பெனி செய்துகொடுத்த வடிவம் அது.

நேர் வாய் அலகோடு, பிடியின் முதுகில் தடித்த ஊசி போன்ற இரும்பும் டப்பா திறக்கும் கொக்கியும் சேர்ந்த கனமான கறுப்புக் கத்தி கிடைத்தால் அது பிரிட்டிஷ் ராணுவக் கத்தி. அந்த ஊசி கயிற்று முடிச்சு அவிழ்க்க. மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று பொறித்திருக்கும், அது அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கத்திகளில் ஆண்டும் இருக்கும். வெலிங்டன் பக்கத்தில் இருப்பதால் குன்னூரில் இவை கண்ணில் படுவதில் ஆச்சரியம் இல்லை.

வாய் உள்பக்கமாகக் குழிந்து, நுனி கீழே வளைந்து கிளிமூக்காக இருந்தால் அது கவாத்துக்கான மடக்குக் கத்தி, புரூனர். கிளையில் மாட்டி இழுத்தால் நழுவாமல் வெட்டும். கைப்பிடியும் அதே பக்கம் வளைந்திருக்கும். பேரி, பிளம்ஸ், ரோஜா என்று தோட்ட வேலை நடக்கிற மலை என்பதால் சட்டைப்பைக் கத்திகளைவிட இவற்றை நான் அதிகம் மதிக்கிறேன். உழைத்த கத்திகள் இவை. இதே குடும்பத்தில் ஒட்டுக் கட்டும் கத்திகளும் உண்டு. அலகைத் தூக்கி நுனியிலிருந்து நேராகப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் தீட்டியிருந்தால் அது ஒட்டுக் கத்தி. வெட்டுமுகம் தட்டையாக வந்தால்தான் இரண்டு குச்சியும் ஒட்டிப் பிடிக்கும். கைப்பிடியின் மறுகோடியில் எலும்பாலோ பித்தளையாலோ தட்டையான சின்ன நாக்கு இருந்தால் கண் ஒட்டுக்கான கத்தி. பட்டையைக் கீறியபின் அதைத் தூக்கிவிடத்தான் அந்த நாக்கு.

சாணை தின்ற அலகு

இவ்வளவும் புதுக் கத்திக்குப் பொருந்தும். நம் கைக்கு வருவதோ எண்பது, நூறு வருஷம் தீட்டப்பட்ட அலகு. தீட்டத் தீட்ட வாய் மேலே ஏறும், வளைவு நேராகும், வேல் முனை வார்ன்கிளிஃப் மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

கண்டுபிடிக்க இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, கழுத்தும் வாயும் சேரும் இடம். அலகு முழுசாக இருந்தால் கழுத்தின் அடிக்கோடும் வாயும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் போகும். தேய்ந்திருந்தால் அங்கே ஒரு படி இருக்கும். இரண்டு, நகக்குழி. அது முதுகை ஒட்டி இருக்க வேண்டியது. அலகின் நடுவில் இருப்பதுபோல் தெரிந்தால் அலகில் பாதி கல்லோடு போய்விட்டது.

கோத்தகிரிப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. நிறம் மங்கிய கொம்புப் பிடி, உள்ளங்கைக்கு ஏற்ற வளைவு, பிடியின் ஒரு பக்கம் மட்டும் கட்டைவிரல் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கிறது. அலகு இப்போது கிட்டத்தட்ட நேராக இருக்கிறது, முதல் பார்வைக்கு ஒட்டுக் கத்தி என்றுதான் தோன்றும். ஆனால் கைப்பிடியின் பள்ளம் வளைந்து போகிறது. நேர் அலகு மடங்க வளைந்த பள்ளம் எதற்கு? கழுத்தில் பெரிய படி வேறு. கிளிமூக்காகப் பிறந்த அலகு அது, மூக்கு தேய்ந்துவிட்டது. இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். கழுத்தில் முதல் வரியில் ஒரு பெயரின் பின்பாதியும், கீழே ‘ஷெஃபீல்ட்’ என்பதன் கடைசி எழுத்துகளும் தெரிந்தன. பெயர் சேய்னர். தோட்டக் கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டுக் கம்பெனி அது. வடிவம் சொன்னதும் பெயர் சொன்னதும் ஒத்துப் போயின. “கல்லுலதான் தீட்டணும் தம்பி, மெஷின் சாணைக்குக் குடுத்தா ஒரே நாள்ல தின்னுடும்” என்றார். “இவ்வளவு நாள் வந்ததே அதனாலதான் ஐயா” என்றேன்.

அவர் சொன்னதில் ஒரு காரியம் இருக்கிறது. மெஷின் சாணையின் சூட்டில் பழைய எஃகின் பதம் போய்விடும். நுனியில் நீலம் பாய்ந்த நிறம் தெரிந்தால் அந்த இடம் இனிக் கூர் நிற்காது. பழம் வெட்டி வெட்டி அலகு முழுக்கப் படர்ந்திருக்கும் சாம்பல் நிறம் வேறு, அது நல்லது, துரு வராமல் காக்கும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம்.

கைப்பிடி

கைப்பிடியின் இரண்டு கோடியிலும் இருக்கும் உலோகப் பூண்களைப் பாருங்கள். வெள்ளி மாதிரி இருப்பது பெரும்பாலும் ஜெர்மன் சில்வர் என்ற, வெள்ளி சேராத கலப்பு உலோகம், துருப்பிடிக்காது. இரும்புப் பூண் என்றால் அது வேலைக்கான கத்தியாகவோ பழைய கத்தியாகவோ இருக்கும்.

நடுவில் இருப்பது கொம்பா, எலும்பா, மரமா, செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கா? எலும்பில் பொடிப் பொடியாகக் கரும்புள்ளிகள், கீற்றுகள் தெரியும். அவை ரத்தக்குழாய் ஓடிய தடம். மான்கொம்பு மேலே பட்டை போலக் கரடாக இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. இரண்டு பக்கத்திலும் ஒரே மேடு ஒரே பள்ளம் என்றால் அச்சில் வார்த்த பிளாஸ்டிக். சூடான ஊசியை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். பழைய செல்லுலாய்டு நாளடைவில் சிதைந்து ஆவி விடும், பக்கத்தில் இருக்கும் எஃகையும் அரிக்கும். கைப்பிடிக்கு ஒட்டிய இடத்தில் மட்டும் அலகு மோசமாகத் துருப்பிடித்திருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். அப்படிப்பட்ட கத்தியை மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது.

ஷெஃபீல்டும், ஜெர்மனியின் கத்தி ஊரான சோலிங்கனும் கைப்பிடிக்கு மிகவும் விரும்பியது கடமான் கொம்பு. மற்ற மான்களின் கொம்பைவிட உள்ளே சோறு, அதாவது மென்மையான நடுப்பகுதி, குறைவு, கெட்டி அதிகம். அது இந்தியாவிலிருந்துதான் கப்பலேறியது. முதுமலைச் சாலையில் நாம் பார்க்கிற அதே இனத்துக் கடமானின் கொம்பு, இங்கிலாந்து போய்ப் பூணும் ஆணியும் போட்டுக்கொண்டு இந்த மலைக்கே திரும்பி வந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

முத்திரை

இப்போது பெயர். உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள். பெயர் தெரிய வேண்டும் என்று தேய்த்துத்தான் பாதிப் பெயர்கள் அழிந்தன. பல்குச்சியில் எண்ணெய் தொட்டு எழுத்துப் பள்ளத்தில் இருக்கும் அழுக்கை மட்டும் எடுங்கள். துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளை விரலால் தடவி, மேலோட்டமாகத் துடையுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கும், எழுத்து எழுந்து வரும். போன் டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு அலகின் கழுத்தையும் இரண்டு பக்கமும் பாருங்கள். பெரிய அலகில் கம்பெனிப் பெயர் தேய்ந்து போயிருந்தாலும், உபயோகிக்காத சின்ன அலகில் முழுசாக இருக்கும்.

எழுத்து எப்படிப் பதிந்திருக்கிறது என்பதும் முக்கியம். பழைய முத்திரை எஃகில் அச்சு வைத்து அடித்தது. ஆழம் இருக்கும், ஆழத்தில் ஏற்ற இறக்கமும் இருக்கும். ஒரே சீரான ஆழத்தில் வழவழவென்று மேலோட்டமாக இருந்தால் லேசர் வேலை, அண்மைக் காலத்துக் கத்தி.

ஊர்ப் பெயரை முதலில் படியுங்கள். ஷெஃபீல்ட் என்றால் இங்கிலாந்து. அங்கே கத்திக்காரர்களின் சங்கம் 1624-லேயே சட்டப்படி அமைந்து, முத்திரைகளைப் பதிவு செய்து வந்தது. ‘ஷெஃபீல்ட்’ மட்டும் இருக்கிறதா, கூடவே ‘இங்கிலாந்து’ இருக்கிறதா? இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு வரிச் சட்டம் சொன்னது, 1891-லிருந்து ஏற்றுமதிக் கத்திகளில் ‘இங்கிலாந்து’ சேர்ந்துகொண்டது. அந்தச் சொல் இருந்தால் கத்தி அதற்குப் பிற்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் முற்பட்டது என்று சத்தியம் செய்ய முடியாது, உள்நாட்டு விற்பனைக்குப் போனவற்றில் பொறிக்காமலும் விட்டார்கள். ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல்லும் உதவும். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை வார்த்தது 1913-ல். அந்தச் சொல் உள்ள கத்தியை ‘விக்டோரியா ராணி காலத்துச் சரக்கு’ என்று விற்க வந்தால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம்.

ஜோசப் ரோட்ஜர்ஸின் அடையாளம் ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டா சிலுவையும். 1764-ல் அவர்களுக்குக் கிடைத்த முத்திரை அது. கிரீடத்தின் இரு பக்கமும் அரசரின் முதலெழுத்துகள் இருக்கும். ‘வி’யும் ‘ஆர்’உம் என்றால் விக்டோரியா, 1901 வரை. ‘ஈ’யும் ‘ஆர்’உம் என்றால் ஏழாம் எட்வர்டு, 1901 முதல் 1910 வரை. ‘ஜி’யும் ‘ஆர்’உம் நம் ஊரில் கிடைக்கும் கத்திகளில் பெரும்பாலும் ஐந்தாம் ஜார்ஜ் காலத்தையும் அதற்குப் பிந்தியதையும் குறிக்கும். இந்தியாவில் இவ்வளவு பேர் வாங்கிய பெயர் என்பதாலேயே அதிகம் போலி செய்யப்பட்டதும் இதுதான். எழுத்தை ஒன்றொன்றாகக் கூட்டிப் படியுங்கள். போலியில் ஒரு எழுத்து கூடக் குறைய இருக்கும், ஜோசப்புக்குப் பதில் வேறு பெயர் இருக்கும், நட்சத்திரம் இருக்கும் சிலுவை இருக்காது. ஜார்ஜ் வோஸ்டன்ஹோமின் முத்திரை ‘ஐ’, ஒரு நட்சத்திரம், அப்புறம் ‘எக்ஸ்எல்’. போலி செய்தவர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை.

பெரிய பெயர் இல்லாத ஷெஃபீல்டுக் கத்தியைக் கீழே வைத்துவிடாதீர்கள். அந்த ஊரில் ‘லிட்டில் மெஸ்டர்’ என்று அழைக்கப்பட்ட சிறு கைவினைஞர்கள் வாடகைக்குப் பட்டறை பிடித்துப் பல கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுத்தார்கள். இதேபோல், ‘ஆர்மி அண்ட் நேவி’ என்று பொறித்திருந்தால் அது செய்தவர் பெயர் இல்லை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை வைத்திருந்த பெரிய லண்டன் கடை அது, ஷெஃபீல்டில் செய்வித்து விற்றார்கள்.

சோலிங்கன் என்றால் ஜெர்மனி. 1938-லிருந்து அந்த ஊர்ப் பெயருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆனாலும் வெளிநாட்டுப் போலிகள் நிற்கவில்லை. கைகோத்த இரட்டையர் உருவம் ஹெங்கல்ஸ், 1731-ல் பதிவானது. மரம் என்றால் போக்கர். கறுப்பு இரும்புத் தகட்டுப் பிடியில் பாயும் பூனையும் ‘கே55கே’ என்ற எழுத்தும் இருந்தால் மெர்கேட்டர். ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது, காலம் சொல்வதில் இதைவிடச் சுலபமான குறி இல்லை. ‘ராஸ்ட்ஃப்ரை’ என்பது ஆள் பெயர் இல்லை, துருப்பிடிக்காதது என்று ஜெர்மனில் எழுதியிருக்கிறார்கள். ஒட்டுக் கத்தியில் ‘டீனா’ என்று கண்டால் விடாதீர்கள். ராய்ட்லிங்கன் ஊர்க் கம்பெனி, 1854-லிருந்து தோட்டக்காரர்களுக்குச் செய்கிறார்கள்.

உருண்டை மரப்பிடி, மூட்டில் சுழலும் வளையம், அலகில் கிரீடம் வைத்த கை இருந்தால் பிரான்சின் ஓப்பினெல். கத்தி 1890-ல் தொடங்கியது, கை முத்திரை 1909-ல் வந்தது, பூட்டும் வளையம் 1955-ல். பெரிய அளவு ஓப்பினெலில் வளையமும் இல்லை, கழற்றிய தடமும் இல்லை என்றால் 1955-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். சின்ன அளவுகளில் இன்றும் வளையம் கிடையாது. சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்தியைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். விக்டோரினாக்ஸ் 2005-ல் வெங்கரை வாங்கிக்கொண்டது, பின்னாளில் வெங்கர் பெயரில் கத்தி வருவது நின்றது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நம் நாட்டில் உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர் மடக்குக் கத்திக்குப் பேர்போனது. அலகு நீளம், திறந்தால் பூட்டிக்கொள்ளும், கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

பெயர் கிடைத்ததும் பழைய குறிப்புகளோடு ஒத்துப் பாருங்கள். ரோட்ஜர்ஸ் என்று இருக்கிறது, ஆனால் ஸ்பிரிங் இடுக்கில் வெளிச்சம் கசிகிறது, பிடி அச்சில் வார்த்தது, எழுத்து லேசர் என்றால் பெயரை நம்பாதீர்கள். பெயரே இல்லை, ஆனால் ஸ்பிரிங் தகடுகளோடு ஒரே மட்டத்தில் ஓடுகிறது, அலகு ‘டக்’ என்று உட்காருகிறது, லாம்ப்ஃபுட் வடிவம் பிசகாமல் இருக்கிறது என்றால் கத்தியை நம்புங்கள். பெயருக்காகக் கொடுக்கும் காசைவிட அதற்குக் கொடுக்கும் காசு நல்ல காசு.

வாங்கும் முன்னும் பின்னும்

தந்தப் பிடி போட்ட கத்தியை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதில் கண்டிப்பானது. தந்தத்தில் வலை பின்னியது போன்ற குறுக்குக் கோடுகள் வெட்டுமுகத்தில் தெரியும். செல்லுலாய்டில் செய்த போலியில் கோடுகள் ஒரே திசையில் இணையாக ஓடும். கடமான் கொம்பும் வனவிலங்குப் பொருள்தான். வீட்டில் தாத்தா காலத்திலிருந்து இருப்பதாக இருந்தாலும், கைமாற்றுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். உடைந்த பிடிக்கு மாற்றுப் போட, காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பை எடுத்து வருவதும் வேண்டாம்.

ஆயுதச் சட்ட விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் குறிப்பிடுகின்றன, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு அதிலும் விலக்கு உண்டு. சட்டைப்பைக் கத்தி அதற்குள் வராது. ஆனாலும் கோயம்புத்தூரில் விமானம் ஏறுவதாக இருந்தால் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூட்டில் எண்ணெய் விட்டு, பல முறை திறந்து மூடி, கறுப்பாக வெளியே வரும் எண்ணெயைத் துடையுங்கள். சுத்தமான எண்ணெய் வரும் வரை இதைச் செய்ய வேண்டும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஊட்டி மழையில் ஒரே மாதத்தில் அலகில் பொட்டுப் பொட்டாகத் துரு வரும். பருத்தித் துணியில் எண்ணெய் தொட்டு அலகைத் துடைத்து, இன்னொரு காய்ந்த துணியில் சுற்றி, சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். வீட்டிலேயே ஈரம் குறைந்த இடம் பெரும்பாலும் அதுதான். ஜூன் பிறந்தால் மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்து, மறுபடி எண்ணெய் தொட்டு வைத்தால் போதும்.